எழுபத்தெட்டு நாள் கணக்கு

(மீஞ்சூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'அரசு வேலைக்குத் தகுதி பெறுவது எப்படி' என்று பேசச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பேங்க்கில் கிளார்க்காக இருக்கிறவன், போட்டித் தேர்வு எழுதி உள்ளே போனவன், நாலு விஷயம் தெரிந்திருக்கும் என்று தோழர்கள் நினைத்திருக்கலாம். இந்த மாதிரிக் கூட்டத்தில் வழக்கமாக ஒருத்தர் வருவார், தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று ஒரு மணி நேரம் பேசுவார், மாலை போட்டுக்கொண்டு போய்விடுவார். சேரியிலிருந்து படிக்க வந்தவனுக்கு விடாமுயற்சியைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து சோறாக்கி வெச்சிட்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கிக்கிட்டு வேலைக்குப் போற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

அதனால் எல்லா வேலையையும் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரே ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசுகிறேன். தொழிலாளியின் உடம்புக்கு வைத்திருக்கிற காப்பீட்டை மேய்க்கிற நாற்காலி. இ.எஸ்.ஐ. கழகத்தில் சமூகப் பாதுகாப்பு அலுவலர், சுருக்கமாக எஸ்.எஸ்.ஓ. என்பார்கள். அதற்குக் கீழே மேல்நிலை எழுத்தர், யு.டி.சி. அதற்கு மேலே துணை இயக்குநர், அதை யு.பி.எஸ்.சி. எடுக்கிறது. 2021இல் 151 இடத்துக்கு விளம்பரம் வந்தது. நம் பிள்ளைகள் போலீஸ், வி.ஏ.ஓ., ரயில்வே என்று ஓடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே நம் தெருவில் பலருக்குத் தெரியாது. இந்த வேலை நம் தெருவை எவ்வளவு தொடுகிறது என்பது அதைவிடத் தெரியாது.

எப்படித் தொடுகிறது? மீஞ்சூர் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் நேரத்தில் நின்று பாருங்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு, வல்லூருக்கு, காமராஜர் துறைமுகத்துக்கு, காட்டுப்பள்ளிக்கு என்று கூட்டம் கூட்டமாகப் பிரிகிறார்கள். சாம்பல் அள்ளுகிறவர், கரி கொட்டுகிறவர், சாரம் கட்டுகிறவர், லோடு ஏற்றுகிறவர், கழிவறை கழுவுகிறவர். கேட்டுக்குள்ளே போனால் கம்பெனி ஒன்று. சம்பளம் கொடுக்கிறவன் வேறு. அவனுக்கும் கீழே ஒரு சப்-கான்ட்ராக்டர். கையெழுத்து வாங்குகிற மேஸ்திரி இன்னொரு ஆள். அடிபட்டால் இந்த நாலு பேரில் யாரைப் பிடிப்பது?

சட்டம் இதற்குப் பதில் சொல்லித்தான் வைத்திருந்தது. 1948இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40ஆம் பிரிவு, கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் முதலில் பணம் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி என்றது. அவர் கட்டிவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றது 41ஆம் பிரிவு. கேட்டுக்கு மேலே பெயர்ப்பலகை யாருடையதோ அவர்தான் பொறுப்பு. காகிதத்தில் இவ்வளவு சுலபம்.

பணக் கணக்கும் சுலபம்தான். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 113 ரூபாய் பிடிப்பார்கள், முதலாளி 488 ரூபாய் போட வேண்டும். 2017 ஜனவரியில் சம்பள வரம்பை 21,000 ஆக்கினார்கள். 2015 ஆகஸ்டிலிருந்து கட்டடத் தொழிலிடத்தில் வேலை பார்க்கிறவர்களும் இதற்குள் வந்தார்கள். இதற்கெல்லாம் என்ன கிடைக்கும்? வைத்தியம் குடும்பத்துக்கே. அதோடு, உடம்பு முடியாமல் வீட்டில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். டிபி மாதிரி 34 நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் செத்துப்போனால் குடும்பத்துக்கு 90 சதவீதம், மாதாமாதம். 2010 திருத்தத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகிற வழியில், வருகிற வழியில் நடந்த விபத்தும் சேர்த்தி.

இப்ப அந்த எழுபத்தெட்டுக்கு வருவோம். வருஷத்தை ரெண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். இந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது பணம் கட்டியதாகப் பதிவேட்டில் இருந்தால்தான், பின்னால் வருகிற ஆறு மாதத்தில் படுத்தால் அந்த 70 சதவீதம் கிடைக்கும். 77 என்றால் இல்லை. ஒரு நாள் குறைவு. தொழிலாளி என்னவோ 150 நாள் வேலை பார்த்திருப்பார். காகிதத்தில் 60 நாள் காட்டினால் அவர் கதை முடிந்தது. யார் காட்டுகிறார்? கான்ட்ராக்டர். யார் அதைச் சரிபார்க்க வேண்டும்? நான் சொன்னேனே, அந்த நாற்காலி.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரே கேட், பதினொரு வருஷம், மூன்று கான்ட்ராக்டர். ஆள் மாறவில்லை, மேஸ்திரி மாறவில்லை, மண்வெட்டி மாறவில்லை. கான்ட்ராக்டர் பெயர் மாறும்போதெல்லாம் இவருக்குப் புது இ.எஸ்.ஐ. நம்பர். ஒருத்தருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே நம்பர் என்பதுதான் விதி. யார் சொன்னது அவருக்கு? அவருக்கு டிபி வந்தது. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம்தான் கிடைக்கவில்லை. நீண்ட நோய்ச் சலுகைக்கு இரண்டு வருஷம் தொடர்ந்த வேலை காட்ட வேண்டும், அந்த நாலு அரையாண்டில் 156 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். மூன்றாவது நம்பரில் அவருக்கு வயது எட்டு மாசம். பதினொரு வருஷம் சாம்பல் தின்ன நெஞ்சு, பதிவேட்டில் எட்டு மாசக் குழந்தை. சித்தி மூணு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் அந்த ஒன்றரை வருஷம் உலை வைத்தாள். அந்த மூன்று நம்பரையும் ஒன்றாக முடிச்சுப் போட ஒரு அலுவலர் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். பழைய வருகைப் பதிவேட்டைக் கொண்டுவா என்று கேட்க அவருக்கு 45ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்திருந்தது. கணக்கு காட்டாத முதலாளிக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று கழகமே தீர்மானித்து உத்தரவு போட 45-ஏ இருந்தது.

அலுவலர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நல்லவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டுக்குள்ளே போகிற அதிகாரியை கம்பெனி மானேஜர் ஏ.சி. அறையில் உட்கார வைத்து, கணக்குப் புத்தகத்தை அங்கேயே கொண்டுவந்து காட்டுவார். அந்த அறையிலிருந்து பார்த்தால் சாம்பல் மேடு தெரியாது. அங்கே யார் வேலை செய்கிறார்கள், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், எத்தனை நாள் வருகிறார்கள் என்பது தெரிந்திருக்கிற ஆள் அந்த அறையில் உட்கார்ந்தால் கேள்வியே வேறு மாதிரி வரும். 'மஸ்டர் ரோல் அப்புறம், முதல்ல கேட் பாஸ் ரிஜிஸ்டரைக் கொண்டா' என்பார். ஏனென்றால் அவர் அப்பா அந்தப் பாஸைச் சட்டைப் பையில் வைத்து வளர்த்தவர்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அம்பேத்கர் என்றால் நமக்கு அரசியல் சட்டம், கோட்டு, கண்ணாடி, நீட்டிய விரல். சிலை வைத்து அதற்குக் கூண்டும் போட்டாகிவிட்டது. 1942 ஜூலையிலிருந்து 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த உறுப்பினர் என்பது சிலையில் தெரிவதில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883லேயே நோய்க் காப்பீட்டுச் சட்டம் போட்டுவிட்டார், சோஷலிஸ்டுகளுக்குப் பயந்து. இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை 1942 டிசம்பரில் வந்தது. இந்தியாவில் 1931லேயே ராயல் தொழிலாளர் கமிஷன் நோய்க் காப்பீடு வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. அந்தப் பேச்சு காகிதத்தில் தூங்கியது. 1943 மார்ச்சில்தான் பேராசிரியர் பி.பி. அதார்கரை அமர்த்தி, ஆலைத் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கச் சொன்னார்கள். அப்போது துறை அம்பேத்கருடையது. 1944 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. 1946 நவம்பரில் மசோதா சட்டசபைக்கு வந்தபோது தொழிலாளர் அமைச்சர் ஜகஜீவன் ராம். 1948 ஏப்ரலில் சட்டம் ஆனது. அவரும் நம்மவர்தான், அரசியல் வேறாக இருந்தாலும். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு 1955 ஜனவரியில் கோயமுத்தூர் வழியாக வந்து சேர்ந்தது.

அதே 1943ஐ இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். 1942 அக்டோபரில் அம்பேத்கர் வைஸ்ராய்க்கு, தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பற்றி நீண்ட மனு ஒன்று கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1943 ஆகஸ்ட் 11இல் மத்திய அரசு உத்தரவு வந்தது. அகில இந்திய அளவில் போட்டித் தேர்வில் எடுக்கும் வேலைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ சதவீதம். வயது வரம்பில் மூன்று வருஷம் தளர்வு. தேர்வுக் கட்டணம் கால் பங்கு. 1946இல் அது 12½ ஆனது, 1970இல் 15. ஆக, தொழிலாளி உடம்புக்குக் காப்பீடு வேண்டும் என்ற வேலையும், அந்த ஆபீசில் நம் பிள்ளை உட்கார வழி வேண்டும் என்ற வேலையும் ஒரே ஆண்டில், ஒரே மனிதர் பதவியில் இருந்தபோது நடந்திருக்கிறது. நாம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். கோட்டா என்றால் வேலை, வேலை என்றால் சம்பளம், சம்பளம் என்றால் வீட்டு லோன். (லோன் பாரத்தை நான்தான் வாங்கி வைக்கிறேன், தெரியும்.) முதலாவது யாரோ போட்ட திட்டம் என்று விட்டுவிட்டோம்.

சரி, தேர்வைப் பற்றிச் சொல்லாமல் போனால் தோழர் கோபித்துக்கொள்வார். கடைசியாக 2022இல் எஸ்.எஸ்.ஓ.வுக்கு இ.எஸ்.ஐ. கழகமே நேரடியாக அறிவித்தது, அந்த முறையைச் சொல்கிறேன். பட்டப்படிப்பு போதும். வணிகம், சட்டம், மேலாண்மை படித்தவர்களுக்கு முன்னுரிமை. கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். வயது 21 முதல் 27, நமக்கு ஐந்து வருஷம் கூட. சம்பளம் ஏழாம் நிலை, 44,900இல் ஆரம்பம். முதல் கட்டம் 100 மார்க்: ஆங்கிலம் 30, அறிவுத்திறன் 35, கணக்கு 35. இரண்டாம் கட்டம் 200 மார்க், அதில் 40 மார்க் பொது அறிவு, பொருளாதாரம், நிதி, காப்பீடு. கடைசியில் கம்ப்யூட்டர் சோதனையும் ஆங்கிலத்தில் கட்டுரையும் கடிதமும். யு.டி.சி.க்கு நாலாம் நிலை, 25,500இல் தொடங்கும். அறிவிப்பும் முறையும் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் விளம்பரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். பிரௌசிங் சென்டர் அண்ணன் சொன்னார் என்று பாரத்தைப் போடாதீர்கள்.

இந்த 40 மார்க் இருக்கிறதே, அதற்கு டவுனில் கோச்சிங் சென்டர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. 0.75 என்றால் என்ன, 3.25 என்றால் என்ன, 78 நாள் எங்கே வருகிறது, முதன்மை முதலாளி யார், இது எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். மயிலாப்பூர் பையன் அதை மனப்பாடம் பண்ணுவான். நமக்கு அது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, தட்டு முட்டுச் சாமானோடு. அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்தது. தாட்கோ மூலமும் இலவசப் பயிற்சி கிடைக்கிறது, கேட்டுப் போங்கள். கேட்கப் போகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது.

அடுத்தது மொழி. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழில் இல்லை. பொன்னேரியில் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து, கலைக்கல்லூரியில் பி.காம். முடித்தவள் அறுபது நிமிஷத்தில் நூறு கேள்வியை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்து விடை போட வேண்டும். கான்பூர்ப் பையன் அவன் தாய்மொழியில் படிப்பான். இதைத் தகுதி என்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. 2021 கடைசியில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கியது. மத்திய அரசு நிறுவனத்துக்கு அந்தக் கவலை கிடையாது. சாம்பல் மேட்டில் நிற்கிற தொழிலாளியிடம் அலுவலர் எந்த மொழியில் 'எத்தனை நாள் வேலை பார்த்தே' என்று கேட்பார் என்பது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அந்த மேட்டில் அசாம்காரரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் நம்மாள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பெயரைக் கேட்டால் பல பேர் அந்த ஊர்ச் சேரியும் காட்டுப்பகுதியும்தான். 2025 செப்டம்பர் 30இல் இந்தப் பக்கத்தில் வயலூரில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் செத்தார்கள். எல்லோரும் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிவாரணம் அறிவித்தார்கள். அறிவித்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் நிவாரணம் ஆட்சியாளர் மனசு, ஒரு தடவை வரும். பதிவேட்டில் பெயர் இருந்தால் வருகிறது பாருங்கள், 90 சதவீதம், மாதாமாதம், அது பெண்டாட்டி பிள்ளைகளின் உரிமை. இந்த மாதிரி ஒவ்வொரு சைட்டிலும் பெயர் ஏறியிருக்கிறதா என்று சாவதற்கு முன்னாடி போய்ப் பார்க்கிற ஆள்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிற ஆள்.

அப்புறம் சர்டிபிகேட். இதில்தான் நம் ஆட்கள் பலர் கவிழ்கிறார்கள். மத்திய அரசு வேலைக்கு மத்திய அரசு படிவத்தில் சாதிச் சான்று வேண்டும். விளம்பரம் வந்த அப்புறம் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் ஆகாது, இப்பவே வாங்கி வையுங்கள். கிறிஸ்தவர்களாக மாறின நம் குடும்பங்கள் வடசென்னை முழுக்க இருக்கின்றன. 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் தாழ்த்தப்பட்டவர் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தையும் முஸ்லிம் தலித்தையும் சேர்க்க வேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் எழுதியது, அது அலமாரியில் இருக்கிறது. கல்லறையில்கூடச் சுவர் கட்டிப் பிரித்து வைக்கிற சாதி, ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிட்டதாம். 2024 நவம்பர் 26இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியில் ஒரு பெண், யு.டி.சி. பதவிக்காக, தாழ்த்தப்பட்டோர் சான்று கேட்டவர். அவர் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுகிறவர், வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் ஏறிப்போன படியெல்லாம் ஒரு கிளார்க் வேலைக்கு. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓ.பி.சி. சான்று, கிரீமி லேயர் இல்லை என்ற சான்று, இரண்டையும் வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் எழுதுங்கள். மூன்று வருஷ வயதுத் தளர்வு உண்டு. ஆணையை எதிர்த்துப் போராடுவது வேறு, அது வரை சும்மா உட்காருவது வேறு.

இன்னொரு காப்பீடு இருக்கிறதே, முதலமைச்சர் காப்பீடு, அதைச் சொல்லவில்லையே என்று ஒரு தம்பி முன்வரிசையில் முணுமுணுக்கிறார். சொல்கிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் கம்பெனி வழியாக. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், யுனைடெட் இந்தியா என்ற பொதுத்துறைக் கம்பெனி வழியாக. வருமான வரம்பு 72,000இல் இருந்து பிறகு 1,20,000 ஆனது. 2018இல் மத்திய அரசின் ஐந்து லட்சம் திட்டமும் இதோடு சேர்ந்தது. இதனால் பிழைத்தவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள், இதய ஆபரேஷன் பண்ணிக்கொண்டு நடமாடுகிறார்கள், மறுப்பதற்கில்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஒன்று, இந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. படுத்திருக்கிற மூன்று மாசம் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று இந்த அட்டை கேட்காது. இ.எஸ்.ஐ. கேட்கும். இரண்டு, ஆஸ்பத்திரிகளில் அந்த அட்டையை வாங்கிப் பார்த்து 'அப்ரூவல் வரலை, அப்பால வா' என்று சொல்கிற கவுன்டரில் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரனோ அவன் வைத்த ஏஜென்சிக்காரனோதான் இருக்கிறான். அரசாங்கத் திட்டம், அரசாங்கப் பணம், முதலமைச்சர் படம். ஆனால் ஏஜென்சி வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது, தேர்வு கிடையாது, கேள்வி கேட்க ஆளும் கிடையாது. அரசு வேலை என்பதே இப்படிச் சுருங்கிக்கொண்டு வருகிறது. எஸ்.எஸ்.ஓ.விலேயே பாருங்கள், 2018இல் 539 இடம், 2022இல் 93.

பதவியின் பெயரையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படும். முதலில் இன்ஸ்பெக்டர். முதலாளிக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. 2010இல் சமூகப் பாதுகாப்பு அலுவலர் ஆனார். 2014இல் எந்தக் கம்பெனியைச் சோதிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும் முறை வந்தது. பிறகு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020, அதை 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1948 சட்டத்தை அதற்குள் கரைத்துவிட்டார்கள். அதில் பெயர் இன்ஸ்பெக்டர்-கம்-பெசிலிடேட்டர். பெசிலிடேட்டர் என்றால் வசதி செய்து கொடுப்பவர். யாருக்கு வசதி? தொகுப்பை வாங்கிப் படியுங்கள், பரீட்சைக்கும் வரும், யூனியன் கூட்டத்துக்கும் உதவும்.

இப்ப நம் இயக்கத் தோழர்கள் சிலர் மனசில் இருக்கிற கேள்வி. நாற்காலி கிடைத்ததும் அவன் சேரியை மறந்துவிடுவான், வேளச்சேரியில் பிளாட் வாங்குவான், பிள்ளைக்கு வடமொழிப் பெயர் வைப்பான், இதுக்குப் போயி நாம ஏன் கூட்டம் போடணும்? நியாயமான கோபம். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பாபாசாகேப் பட்ட வேதனையும் படித்தவர்களைப் பற்றித்தான். நான் மறுத்துப் பேசப் போவதில்லை. அப்படி ஆனவர்களை என் ஆபீசிலேயே தினம் பார்க்கிறேன், லஞ்ச் நேரத்தில் எந்த ஊர் என்று கேட்டால் 'சென்னைதான்' என்று முடித்துக்கொள்கிறவர்கள். ஆனால் அவன் மறந்துபோகிறதுக்குப் பாதிக் காரணம், இயக்கம் அவனை வேலைக்குப் போகிற வரைக்கும் பையனாகப் பார்த்தது, போன பிறகு சந்தா கொடுக்கிற ஆளாகப் பார்த்தது. அந்த வேலைக்குள்ளே என்ன அதிகாரம் இருக்கிறது, அதை வைத்து என்ன பண்ணலாம் என்று அவனோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை. நூறு எஸ்.எஸ்.ஓ.வில் நம் ஆள் ஒருத்தர் இருந்தால் அவர் தனி ஆள். அவர் எழுதுகிற நோட்டீசுக்கு வெளியே ஒரு யூனியன் இருந்தால், ஒரு தொழிலாளி எழுத்தில் புகார் கொடுக்கத் தயாராக இருந்தால், அப்போது அவர் கைக்குப் பலம். புகாரே இல்லாத இடத்தில் நல்ல அதிகாரியும் பைலை மூடிவிட்டுத்தான் போவார்.

சின்ன உதாரணம் என் கவுன்டரிலிருந்து. 2015இல் வந்த விபத்துக் காப்பீடு, வருஷத்துக்கு 12 ரூபாயாக இருந்து 2022இல் 20 ஆனது. பாஸ்புக்கில் வருஷா வருஷம் அந்த 20 ரூபாய் பிடித்திருக்கும். ஆள் லாரியில் அடிபட்டுச் செத்திருப்பார். பெண்டாட்டி அக்கவுன்டை மூட வருவாள், மிச்சம் இருக்கிற நானூறு ரூபாயை எடுக்க. 'இதுல ரெண்டு லட்சம் இருக்கும்மா, க்ளெய்ம் போடு' என்று சொல்ல எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வரியைப் பார்க்கிற கண் வேண்டும். ஒரு தடவை ஒரு அம்மா என்னைப் பார்த்து, 'நீ எந்தத் தெரு தம்பி?' என்று கேட்டாங்க. சொன்னேன். அப்புறம்தான் பாரத்தில் கைநாட்டு வைத்தாங்க.

சரி, நேரமாகிறது, கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து இதே இடத்தில் படிக்கலாம் என்று தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு டீச்சரம்மா வர ஒப்புக்கொண்டிருக்கிறார், கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது புத்தகம் எதுவும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கான்ட்ராக்டில் இருந்தால் அவர் சம்பளச் சீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். சீட்டே கொடுப்பதில்லை என்றால் அதை ஒரு பேப்பரில் எழுதி வாருங்கள், கேட் பெயர், கான்ட்ராக்டர் பெயர், எந்த வருஷத்திலிருந்து என்று. இ.எஸ்.ஐ. என்று பிடித்திருந்தால் பத்து இலக்க நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருத்தருக்கு இரண்டு நம்பர் இருந்தால் இரண்டையும் குறித்து வாருங்கள். முதல் நாள் சதவீதக் கணக்கை அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் போடப்போகிறோம். கால்குலேட்டர் வேண்டாம், பரீட்சை ஹாலில் அதை உள்ளே விட மாட்டார்கள்.